தாய்ப்பசு

காலை ஆறு பத்துக்கு லாரி நின்றது. எரினா அதன் பின்பக்கத்திலிருந்து இறங்கினாள். மகள் சேகாய் போர்வை மூட்டையைக் கீழே நீட்டினாள். எரினா அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

வேலி தெரிந்ததும் ஒப்பாரி எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் பெண்கள் அந்தக் குரலைக் கேட்டு எழுந்து வருவார்கள். எரினா வேலியைத் தாண்டி முற்றம் வரை வந்துவிட்டாள். வாய் திறக்கவில்லை. பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மொப்பானி மரக் கழிகளை நெருக்கமாக நட்டுக் கட்டிய பட்டி. உள்ளே பத்து மாடுகள். அக்டோபர் மாதம். அவள் ஊரான சிவியில் இந்த மாதத்தில் மாட்டின் விலா எலும்புகளைத் தூரத்தில் நின்றே எண்ணிவிடலாம். இங்கும் ஐந்து மாடுகள் அப்படித்தான் இருந்தன. மற்ற ஐந்தின் முதுகு வெயிலில் பளபளத்தது. அந்த ஐந்துக்கும் இடது காதில் இரட்டை வெட்டு.

அது அவளுடைய வெட்டு.

மெலிந்திருந்தால் சொல்வதற்கென்று வார்த்தைகள் வைத்திருந்தாள். இரவெல்லாம் லாரியில் அவற்றைத்தான் அடுக்கிக்கொண்டு வந்தாள்.

"இதுங்களுக்கு என்னடி போடுறாங்க?"

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க. அழு."

எரினா அழுதாள்.

சமையல் குடிசையிலிருந்து பெண்கள் வந்தார்கள். கடைசியாக இளையவள் லொகாடியா வந்தாள். எரினா அவளை இதுவரை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள், இரண்டும் மற்றவர்களின் சாவுகளில். அப்போது ஒல்லியாக இருந்தாள். இப்போது இல்லை. அவள் மண்டியிட்டு எரினாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, போயிட்டார்."

"தெரியும். அதுக்குத்தானே வந்தேன்."

புருஷன் நாபோத்தைச் சமையல் குடிசையின் தரையில் கிடத்தியிருந்தார்கள். மேலே ஒரு பழுப்புப் போர்வை, அதில் சிங்கத்தின் படம். எரினா அந்தப் போர்வையைப் பார்த்ததில்லை. அவர் போட்டிருந்த கோட்டின் முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. சின்னச் சின்னத் தையல். எரினா இவ்வளவு நெருக்கமாகத் தைக்க மாட்டாள்.

தலைமாட்டில் லொகாடியாவின் பாய் கிடந்தது. எரினா அதன் அருகில் போய் நின்றாள். லொகாடியா பாயைச் சுருட்டிக்கொண்டு கால்மாட்டுக்குப் போனாள்.

"எப்படி?" என்று கேட்டாள் எரினா.

"நேத்து மருந்துத் தொட்டி நாள். மாடுங்களை முக்கி எடுத்து ஓட்டிட்டு வந்தார். வந்ததும் உட்காரல. வாலுக்கு அடியில உண்ணிக் களிம்பு தடவணும்னு நின்னார். அப்புறம் கதவுகிட்ட உட்கார்ந்து தண்ணி கேட்டார். நான் சொம்போட வந்தேன், அதுக்குள்ள முடிஞ்சுடுச்சு."

"தண்ணி குடிக்கலயா?"

"இல்லக்கா."

எரினா அவர் உதடுகளைப் பார்த்தாள். தான் இருந்திருந்தால் தண்ணீர் முன்னமே கையில் இருந்திருக்கும் என்று நினைத்தாள். அது உண்மையில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

இருபத்தியொரு வருஷத்துக்கு முன்பு வெள்ளைக்காரரின் பண்ணையைத் துண்டு போட்டுக் கொடுத்தபோது நாபோத் இங்கே வந்தார். தொப்பியிலிருந்து சீட்டு எடுத்தார்கள். அவருக்கு ஆறாம் கிராமம் விழுந்தது. ஒரு வருஷம் பொறு, வீடு கட்டியதும் அழைத்துப்போகிறேன் என்றார். சிவியில் வீட்டையும் நிலத்தையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எரினா பார்த்துக்கொண்டாள். வீடு கட்டியதும் அதில் லொகாடியா இருந்தாள். அதற்குப் பிறகு அவர் அழைத்தும் எரினா வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவர்தான் சிவிக்கு வருவார். வருஷம் பிறப்பதற்குள் கிளம்பிவிடுவார். மாடுகளை யார் பார்ப்பது என்பார்.

அவர் பார்த்துக்கொண்ட மாடுகளில் எரினாவின் மாடும் உண்டு. சேகாய்க்குக் கல்யாணம் ஆனபோது, பெண்ணைப் பெற்றவளுக்கென்று மாப்பிள்ளை வீட்டார் தனியாக ஓட்டிவந்த தாய்ப்பசு. சிவப்பு நிறம், அப்போது கிடேரி. அதன் மேல் புருஷனுக்கு உரிமை கிடையாது, மகனுக்கும் கிடையாது. அதன் கன்றுகளும் அந்தக் கன்றுகளின் கன்றுகளும் பெற்றவளுக்கே. அவள் சொல்லாமல் அதில் ஒன்றை விற்றாலோ அறுத்தாலோ அவள் மனக்கசப்பு பேரப்பிள்ளைகளைப் பிடிக்கும்.

அடுத்த வருஷம் சிவியில் மழை இல்லை. நாபோத் வந்து பசுவை மூன்று நாள் நடத்தியே இங்கு கொண்டுவந்தார். புல் முளைத்ததும் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்றார். அதற்கும் பதினொரு வருஷம் ஆகிவிட்டது.

குடிசை வாசலில் கைதட்டும் சத்தம் கேட்டது, குழித்த உள்ளங்கைகளால், மெதுவாக. நாபோத்தின் அக்கா மகன் கிவ்மோர். ஐம்பது வயதுக்காரன். மாமன் சாவில் குழியிலிருந்து மாடு வரை எல்லாம் மருமகன் பொறுப்பு.

"அத்தை," என்றான் வாசலில் குந்தியபடி. "மாமாவுக்கு ஒரு மாடு விழணும்."

"விழட்டும்."

"போன மழையில சனவரிக் காய்ச்சல் வந்து எட்டு மாட்டை எடுத்துக்கிச்சு. மாமாவோடதுன்னு மிச்சம் இருக்கறது நாலு. ரெண்டு கன்னுக்குட்டி. ஒண்ணு பல்லு போன கிழடு. இன்னொண்ணு உழவு ஜோடியில இருக்கிற கருப்பன். அதுவும் காய்ச்சல்ல கிடந்து எழுந்தது. அறுத்தா குழி வெட்டுற ஆளுங்களுக்கே பத்தாது. வெளிய ஊரே உட்கார்ந்திருக்கு."

"அப்புறம்?"

கிவ்மோர் தரையைப் பார்த்தான். "சிவப்பு எருது இருக்கு."

"அது என்னோடது."

"அதான் உங்ககிட்ட வந்து குந்தியிருக்கேன்."

லொகாடியா கால்மாட்டிலிருந்து பேசினாள். "என் கிடேரியை எடுத்துக்கோ."

கிவ்மோர் நிமிர்ந்தான். "சின்னத்தை, அது சினையா இருக்கு."

"இருக்கட்டும்."

"எப்படி இருக்கட்டும்? தோலை உரிச்சு வயித்தைக் கிழிச்சா உள்ள இருக்கறதை என்ன செய்யறது? ஊரு காறித் துப்பும்."

"அது என் மாடு. வேர்க்கடலை வித்து என் கையால வாங்கினேன். எனக்குப் பொண்ணு பொறக்கல, எனக்குத் தாய்ப்பசு யாரும் ஓட்டிட்டு வரப்போறதில்ல. இருக்கறது அது ஒண்ணுதான்." அவள் குரல் உயரவில்லை. "இருபது வருஷமா அவர் என் கையாலதான் தின்னார். போறப்பவும் என்னோடதை வச்சே போகட்டும்."

எரினா அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்பது அவளுக்குப் புரிந்தது. இன்னும் முப்பது வருஷத்துக்கு, பீர் குடிக்க உட்காரும்போதெல்லாம் சொல்வார்கள்: நாபோத்தை அடக்கம் பண்ணினது யாரோட மாடு தெரியுமா?

"சிவப்பு எருது," என்றாள் எரினா.

"அக்கா."

"என் புருஷன். என் எருது."

"அக்கா, அது ஏர் மாடு. அடுத்த மாசம் மழை. ஒத்தைக் கருப்பனை வச்சு நான் எப்படி உழுவேன்?"

"என் மாட்டை உன் நுகத்துல பூட்டச் சொல்லி யார் கேட்டா?"

கிவ்மோர் இருவரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள்.

"அத்தை ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க," என்றான். "அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

எரினா எழுந்து அவனோடு பட்டிக்குப் போனாள். எருது பெரியது. அது பிறந்த சேதியைச் சேகாய் ஃபோனில் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கழிகளுக்கு நடுவே கையை விட்டாள். எருது மூக்கை அவள் மணிக்கட்டில் வைத்து மூச்சு விட்டது. கழுத்தில் நுகம் பட்ட இடத்தில் தோல் தடித்துப்போயிருந்தது. அதில் யாரோ எண்ணெய் தடவியிருந்தார்கள்.

"நல்ல மாடு அத்தை," என்றான் கிவ்மோர். "இறைச்சிக்கூடத்து லாரிக்காரன் மூணு தடவை வந்து கேட்டான். மாமா கொடுக்கல. இது பொண்டாட்டி மாடு, நான் கைவெக்க முடியாதுன்னுட்டார்."

"எந்தப் பொண்டாட்டின்னு சொன்னாரா?"

கிவ்மோர் சிரித்தான். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான்.

அடுக்களைக் கதவருகே லொகாடியா நின்றிருந்தாள். முந்தானைத் துணியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எரினா அவள் பக்கம் திரும்பி, அவளுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அறுங்க."

கோடரி பிடரியில் ஒரே அடியாக விழுந்தது. எருது முன்காலில் மண்டியிட்டு, பிறகு சாய்ந்தது. மரத்தடியில் பச்சை இலை பரப்பி உரித்தார்கள். ஈரலை அங்கேயே சுட்டு ஆண்கள் தின்றார்கள். பட்டியில் இருந்த மாடுகள் இரத்த வாடைக்குக் கழி ஓரமாக வந்து கூடி அடிவயிற்றிலிருந்து கத்தின. அந்தச் சத்தம் நெடுநேரம் நிற்கவில்லை. சிவப்புப் பசு மட்டும் கத்தவில்லை. மண்ணை முகர்ந்துகொண்டு நின்றது.

பெண்களின் பானையில் இறைச்சி வெந்தது. சோளக் களி கிண்டினார்கள். எரினாவுக்குத் தனித் தட்டு வந்தது. பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி குனிந்து, "உங்க எருதாமே அம்மா," என்றாள். இன்னொருத்தி, "கொழுப்பைப் பாருங்க," என்றாள். எரினா எல்லோருக்கும் தலையசைத்தாள். இறைச்சி மென்மையாக இருந்தது. லொகாடியா களியைக் கீரையில் தொட்டுத் தின்றாள். இறைச்சிக் கிண்ணத்தைத் தொடவில்லை.

"உடம்பு சரியில்லையா?" என்று எரினா கேட்டாள்.

"பசிக்கல அக்கா."

"களி இறங்குதே."

எரினா இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

பத்து மணி வாக்கில் டோபியாஸ் வந்தான். நாபோத்தின் சாவுத் தோழன் அவன். இரண்டு குடும்பத்துக்கும் அப்பன் காலத்திலிருந்து உள்ள உறவு. ஒருவன் செத்தால் மற்றவன் வந்து சிரிக்க வைக்க வேண்டும். அன்றைக்கு அவன் என்ன சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. டோபியாஸ் நாபோத்தின் ரப்பர் பூட்ஸை மாட்டி, நாபோத்தின் தொப்பியைப் போட்டு, கையில் களிம்பு டப்பாவுடன் முற்றத்துக்கு வந்தான்.

"யாரு செத்தது?" என்று கத்தினான். "நாபோத்தா? நல்லதாப் போச்சு. எங்கிட்ட வாங்கின மண்வெட்டிய இனியாச்சும் திருப்பிக் கொடுங்க."

சிரித்தார்கள்.

"கிவ்மோர், குழி ஆழமா வெட்டு. மேலாப்புல வெட்டினா மருந்துத் தொட்டி நாளன்னிக்கு எந்திரிச்சு வந்துடுவான்."

அவன் சமையல் குடிசை வாசலுக்கு வந்து குனிந்து உள்ளே பார்த்தான். "அடேயப்பா, மூத்த பொண்டாட்டி! இருபது வருஷமா வழி தெரியலயா உனக்கு? கறி வாசம் புடிச்சுக்கிட்டு வந்தியா?"

"என் கறிதானே," என்றாள் எரினா. "நீதான் ஓசியில தின்ன வந்தே."

பெண்கள் கைதட்டினார்கள். டோபியாஸ் நெஞ்சில் கை வைத்துக் குண்டடி பட்டவனைப் போல விழுந்து எழுந்தான். எரினாவும் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

பிறகு அவன் நாபோத் மாதிரி நடக்க ஆரம்பித்தான். வலது காலைச் சற்று இழுத்து, இருமிக்கொண்டு. எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. விடியற்காலையில் எழுந்து வருகிறான். நடுமுற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கிறான். இல்லாத மேகத்தைத் திட்டுகிறான். பரணில் அடுக்கிய சோளத் தட்டையில் ஒரு கட்டை உருவுகிறான். மூலையில் இருந்த சாக்கிலிருந்து ஒரு கை வேலங்காய் அள்ளிக்கொள்கிறான். எலும்பு தெரியும் மாடுகளைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கழி ஓரமாகப் போய்க் குனிகிறான்.

"மாஹோவே," என்றான். நாபோத்தின் குரல்தான். "மாஹோவே, வாடி. நல்லாத் தூங்கினியா? கோவமா? வா, மாஹோவே."

ஊர்க்காரர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவர்கள் தினமும் கேட்டது அது.

எரினாவின் கை தட்டிலேயே நின்றது. அவள் ஹோவே குலம். அவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நாபோத் அவளை மாஹோவே என்றுதான் அழைத்தார்.

பட்டியில் சிவப்புப் பசு மண்ணிலிருந்து தலையை எடுத்தது. மற்ற மாடுகளை இடித்துக்கொண்டு நேராகக் கழி ஓரத்துக்கு வந்தது. கழுத்தை வெளியே நீட்டியது. தொப்பியை முகர்ந்தது. பூட்ஸை முகரக் குனிந்தது. பிறகு டோபியாஸின் கையிலிருந்த வேலங்காயைத் தின்னாமல் அவன் முகத்தைப் பார்த்தது.

சிரிப்பு குறைந்தது. டோபியாஸ் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

எரினா சேகாயைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"என்னது?"

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா. அப்பா ஃபோன்ல சொல்லுவார். மாஹோவே கன்னு போட்டுட்டா, மாஹோவேக்குக் கால்ல முள்ளு ஏறிடுச்சுன்னு. மொத தடவை உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நான் பயந்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன சொல்லியிருப்பே?"

எரினா தட்டை நகர்த்தி வைத்தாள். வாடி என்றார். நல்லாத் தூங்கினியா என்றார். முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது கட்டிக்கொண்டு. அதில் எத்தனை காலைகள் அவர் தன்னை அப்படிக் கேட்டிருக்கிறார் என்று யோசித்தாள். டிசம்பர் காலைகள். ஒவ்வொன்றிலும் மாடுகளைப் பற்றித்தான் பேசினார். அவள் அதை லொகாடியாவைப் பற்றிப் பேசாமலிருக்க அவர் கண்ட வழி என்று எண்ணியிருந்தாள்.

வெளியே பசு இன்னும் கழி ஓரத்திலேயே நின்றிருந்தது. கண்ணைச் சுற்றிக் கரிய வளையம். கொழுத்த கழுத்து. உண்ணி ஒன்றுகூட இல்லை. எரினா அதை வெறுத்தாள். பிறகு, மாட்டைப் போய் வெறுக்கிறோமே என்று, மற்றவளைப் பார்த்தாள். லொகாடியா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சற்று முன் எல்லோரும் சிரித்தபோது சிரிக்காதவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

இரண்டு மணிக்கு அடக்கம் செய்தார்கள். நிலத்தின் எல்லையில், புற்று ஓரமாக, பழைய பண்ணையின் அறுந்த கம்பிவேலிக்கு இந்தப் பக்கம். சிவிக்குக் கொண்டுபோகும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எரினா எடுக்க நினைத்திருந்தாள், விட்டுவிட்டாள். முதல் பிடி மண் அவள் போட்டாள். இரண்டாவது லொகாடியா போட்டாள். மண் காய்ந்து கட்டியாக இருந்தது. பலகையில் விழுந்து சத்தம் போட்டது.

திரும்பி வரும்போது எரினா கிவ்மோரை நிறுத்தினாள்.

"என் மாடுங்களை நான் கொண்டு போறேன்."

"எங்க அத்தை?"

"என் வீட்டுக்கு."

"சிவியில புல்லு ஏது?"

"இல்ல."

"தண்ணி?"

"ஆத்து மணல்ல தோண்டினா வரும்."

"அத்தை, மழை வர்ற வரைக்குமாவது இருக்கட்டும். இப்பக் கொண்டுபோனா கிறிஸ்துமஸுக்குள்ள நாலும் விழுந்துடும்."

"என் மாடு. என் வீட்டுல விழட்டும்."

கிவ்மோர் தலையைச் சொறிந்தான். "உங்க தாய்ப்பசு. யாராலயும் தடுக்க முடியாது. நாளைக்குக் கால்நடை ஆபீசுக்குப் போய்ச் சீட்டு வாங்கிட்டு வரேன். சீட்டு இல்லாம ரோட்டுல ஓட்டக் கூடாது." சற்று நின்றான். "சின்னத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்."

"எதுக்குச் சொல்லணும்?"

இரவே அவை தனியாக நிற்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் ஒரு இரவுகூட அந்தப் பெண்ணின் மாட்டோடு நிற்க வேண்டாம். பெரிய பட்டியை ஒட்டிக் கன்றுகளுக்கான சின்னப் பட்டி இருந்தது. நடுவில் குறுக்குக் கழி போட்டு அடைத்திருந்தார்கள்.

வெயில் மொப்பானி மரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். எரினா ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பட்டிக்குள் போனாள். தன் இரண்டு கிடேரிகளைக் குச்சியால் தட்டினாள், போய்விட்டன. சிவப்புப் பசுவின் கன்றை இழுத்தாள், அதுவும் போனது. குறுக்குக் கழியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

பசு போகவில்லை. எருது விழுந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. எரினா நாக்கால் சத்தம் கொடுத்தாள். இடுப்பில் தள்ளினாள். தோளை முட்டுக்கொடுத்துத் தள்ளினாள். அது கால் மாற்றி நின்றது. குச்சியால் ஒரு அடி வைத்தாள். பிறகு இன்னொன்று, பலமாக. பசு தோலைச் சிலிர்த்தது. கழியின் அந்தப் பக்கம் கன்று அழைத்தது. அதற்கும் நகரவில்லை.

"அடிச்சா போகமாட்டா அக்கா."

லொகாடியா பட்டிக்கு வெளியே நின்றிருந்தாள். கையில் பால் வாளி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

எரினா மூச்சு வாங்கினாள். "நான் இதுங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

"கிவ்மோர் மூஞ்சியப் பார்த்தே தெரிஞ்சுது."

"ஒண்ணும் சொல்லலயா நீ?"

"என்ன சொல்றது? உங்களது."

"உழவுக்கு என்ன செய்வே?"

"மண்வெட்டி இருக்கு. அதையும் டோபியாஸ் கேக்குறார்."

எரினாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டாள். பசுவைப் பார்த்தாள். "இது எப்படித்தான் நகரும்?"

"கூப்பிட்டா வருவா."

முற்றத்தில் யாரோ பானையைச் சுரண்டிக் கழுவினார்கள்.

"நீ கூப்பிடு," என்றாள் எரினா.

"இன்னிக்கு மாட்டேன்."

"ஏன்?"

லொகாடியா வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"அவர் வச்ச பேரு. வேற பேரு சொன்னா இவ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா, பால் இறக்க மாட்டா. நான் என்னென்னமோ சொல்லிப் பார்த்தேன். சிவப்பீன்னு சொன்னேன். கண்ணுன்னு சொன்னேன். கடைசியில நானும் அவர் சொன்னதையே சொல்ல ஆரம்பிச்சேன். என் வீட்டு முத்தத்துல, விடியக்காலையில, என் பிள்ளைங்களுக்குப் பால் வேணும்னு உங்க பேரைச் சொல்லிக் கெஞ்சினேன் அக்கா. பதினோரு வருஷம். என்னை அவர் மகன் பேரை வச்சு இனோசென்ட் அம்மான்னுதான் கூப்பிடுவார். என் குலம் என்னன்னு அவருக்கு ஞாபகம் இருந்துச்சோ என்னவோ."

அவள் வாளியைக் கழிகளுக்கு மேலாக எரினாவின் பக்கம் இறக்கி வைத்தாள். சுற்றி வந்து குறுக்குக் கழியை உருவினாள். வழி திறந்திருந்தது. கன்று மறுபடியும் கத்தியது. பசு காதை மட்டும் அசைத்தது.

எரினா குச்சியைக் கீழே போட்டாள். உதட்டை நனைத்துக்கொண்டாள்.

லொகாடியா உருவிய கழியை நெஞ்சோடு பிடித்தபடி காத்திருந்தாள்.

"கூப்பிடுங்க அக்கா. அங்க கொண்டுபோய் இவளை என்ன சொல்லித்தான் கூப்பிடுவீங்க?"